நீதிமன்றங்களை நவீனப்படுத்தும் சட்டம் உண்மையில் எதை மாற்றுகிறது? கலிபோர்னியாவின் கதை

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் அவ்வப்போது ஏதாவது ஒரு மாநிலம் "நீதிமன்ற அமைப்பைச் சீர்திருத்தி நவீனப்படுத்தும் சட்டம்" கொண்டு வருவதாகச் செய்தி வருகிறது. அப்படிப்பட்ட சட்டம் எதை மாற்றுகிறது? அதனால் வழக்குகள் சீக்கிரம் முடிகின்றனவா? நம் சட்டமன்றமும் அப்படி ஒன்றைக் கொண்டு வர முடியுமா?

பொதுப்படையாகப் பதில் சொல்லிப் பயனில்லை. அங்கே ஐம்பது மாநிலங்களும் ஐம்பது விதமாக நீதிமன்றங்களை நடத்துகின்றன. எனவே கலிபோர்னியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சீர்திருத்தம் என்ற பெயரில் செய்யக்கூடியவற்றில் பெரும்பாலானவற்றை அந்த மாநிலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் செய்து முடித்தது. சிலவற்றில் வென்றது, ஒன்றில் படுதோல்வி அடைந்தது. பாடம் படிக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்காவில் கொலை, விவாகரத்து, நிலத் தகராறு, வாடகை, போக்குவரத்து அபராதம் என்று சாதாரண மனிதர்கள் கோர்ட் படியேறும் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை மாநில நீதிமன்றங்களில்தான் நடக்கின்றன. மத்திய அரசின் நீதிமன்றங்கள் தனி வரிசை. மாநில நீதிமன்றங்களுக்கு அந்தந்த மாநிலத்தின் அரசியலமைப்பே அடிப்படை. ஆகவே நீதிமன்றத்தின் அடிக்கட்டுமானத்தில் கை வைக்க வேண்டுமென்றால் பல நேரங்களில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறினால் மட்டும் போதாது. அரசியலமைப்புத் திருத்தமாக அது மக்கள் வாக்கெடுப்புக்கும் போக வேண்டும்.

கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள். நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அளவில் ஒழுங்கே கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள். சியரா நெவாடா மலையில் இருக்கும் ஆல்பைன் கவுண்டியில் ஆயிரத்துச் சொச்சம் பேர். முன்பு பெரியதோ சிறியதோ, ஒவ்வொரு கவுண்டியும் தன் எல்லைக்குள் இருக்கும் நீதிமன்றங்களுக்குத் தானே பணம் கொடுத்து வந்தது. கட்டடம், எழுத்தர்கள், நாற்காலி, காகிதம் எல்லாம் கவுண்டி செலவு. 1980களின் இறுதியிலிருந்து மாநில அரசு ஓரளவு மானியம் கொடுத்தது, ஆனால் கணக்கைத் தீர்த்து வைக்கும் பொறுப்பு கவுண்டியை ஆளும் மேற்பார்வைக் குழுவிடமே இருந்தது. அந்த ஆண்டு வரி வசூல் குறைந்தால் சாலைக்கும் மருத்துவமனைக்கும் சிறைக்கும் போக மிச்சம் இருப்பதுதான் நீதிமன்றத்துக்கு. ஒரே சட்டப் புத்தகம், ஒரே தண்டனை. ஆனால் பணக்காரக் கவுண்டியில் கிடைத்த நீதிமன்றமும் ஏழைக் கவுண்டியில் கிடைத்த நீதிமன்றமும் ஒன்றல்ல.

கவுண்டிக்குள்ளேயும் அடுக்குகள் இருந்தன. மேலே சுப்பீரியர் கோர்ட். பெயரைப் பார்த்து உயர்நீதிமன்றம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் மாவட்ட நீதிமன்றத்துக்கு நிகரான முதல்நிலை விசாரணை மன்றம் அது. அதற்குக் கீழே முனிசிபல் கோர்ட்: 25,000 டாலர் வரையிலான உரிமையியல் வழக்குகள், சிறு குற்றங்கள், பெருங்குற்றங்களில் பூர்வாங்க விசாரணை. மக்கள் தொகை குறைந்த பகுதிகளில் முனிசிபல் கோர்ட்டுக்குப் பதிலாக ஜஸ்டிஸ் கோர்ட்.

ஜஸ்டிஸ் கோர்ட்டின் கதை சுவையானது. நீதிபதி நாற்காலியில் உட்காரச் சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பழைய நாளில் இல்லை. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் தேர்தலில் நின்று ஜெயித்து, பகலில் தன் கடையையும் கவனித்துக்கொண்டு, இடையில் ஒரு மனிதனைச் சிறைக்கும் அனுப்பலாம். 1974இல் கார்டன் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் இதை நிறுத்தியது. சிறைத் தண்டனைக்கு வாய்ப்புள்ள குற்ற வழக்கை வழக்கறிஞர் அல்லாத ஒருவர் விசாரிப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமைக்கு எதிரானது என்றது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1976இல், கென்டக்கி மாநிலத்திலிருந்து வந்த இதே கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறு பதில் சொன்னது: மேலே போய் வழக்கைப் புதிதாக நடத்தும் வாய்ப்பு இருந்தால் சட்டம் படிக்காதவர் விசாரிக்கலாம். ஒரு மாநிலம் தன் குடிமக்களுக்கு நாடு தருவதைவிடக் கூடுதல் பாதுகாப்பு தர முடியும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடைசியில் 1994 நவம்பரில் முன்மொழிவு 191 மக்கள் வாக்கெடுப்பில் வென்று, ஜஸ்டிஸ் கோர்ட்டுகள் எல்லாம் முனிசிபல் கோர்ட்டுகளாயின.

இரண்டு அடுக்கு இருந்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஒரு கொள்ளை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கைதானவரை முதலில் முனிசிபல் கோர்ட்டில் நிறுத்துவார்கள். அங்கே ஒரு வழக்கு எண், ஒரு கோப்பு. பூர்வாங்க விசாரணையில் சாட்சிகள் வந்து சொல்வார்கள். போதிய ஆதாரம் இருக்கிறது என்று நீதிபதி கருதினால் சுப்பீரியர் கோர்ட்டுக்கு அனுப்புவார். நம் ஊரில் நடுவர் நீதிமன்றம் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குக் கமிட் செய்வது போலத்தான். அங்கே புதிய குற்றப்பத்திரிகை, புதிய எண், வேறு எழுத்தர், வேறு நாட்குறிப்பு. குற்றச்சாட்டை மறுபடி படித்துக் காட்டி மறுபடி பதில் கேட்பார்கள். பல ஊர்களில் இந்த இரண்டு நீதிமன்றங்களும் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில் இருந்தன. ஒரு பக்கம் வழக்குகள் குவிந்து கிடக்கும், எதிர் அறையில் நீதிபதி மதியத்தோடு வேலை முடிந்து உட்கார்ந்திருப்பார். சட்டப்படி இங்கிருந்து அங்கே ஒரு கட்டு நகராது. இருவருக்கும் தனித்தனி நிர்வாக அதிகாரி, தனித்தனி ஜூரி பட்டியல், தனித்தனி கணினி.

இதை மாற்ற வேண்டும் என்று பல காலமாகப் பேசினார்கள். 1906லேயே ராஸ்கோ பவுண்ட் என்ற சட்ட அறிஞர் மினசோட்டாவில் வழக்கறிஞர்கள் கூட்டத்தில் நின்று, நீதிமன்றங்கள் எண்ணிக்கையில் மிகுதி, நீதிபதிகளின் உழைப்பு வீணாகிறது, எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆகவே யோசனை புதிதல்ல. கலிபோர்னியாவில் அது நடந்ததற்குக் காரணம், ஒழுங்கான வரிசையில் செய்ததுதான் என்பது என் கருத்து. முதலில் பணம், பிறகு அமைப்பு, பிறகு ஊழியர்கள், பிறகு கட்டடம்.

பணத்தை மாற்றியது 1997ஆம் ஆண்டின் லாக்கியர்-ஐசன்பர்க் விசாரணை நீதிமன்ற நிதிச் சட்டம். இரண்டு மக்கள் பிரதிநிதிகளின் பெயர் தாங்கிய அந்தச் சட்டம் 1998 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கவுண்டிகள் 1994-95இல் எவ்வளவு கொடுத்தனவோ அந்த அளவோடு அவற்றின் பங்கு உறைந்துவிட்டது. அதற்கு மேல் ஏறும் செலவெல்லாம் மாநில அரசின் தலையில். மிகச் சிறிய கவுண்டிகளுக்கு அந்தப் பங்கிலிருந்தே விலக்கு. கேட்க ஏதோ கணக்குப்பிள்ளை வேலை போலத் தோன்றும். இந்த முழுக் கதையிலும் இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அதுவரை ஒவ்வொரு கவுண்டியின் தலைமை நீதிபதியும் பட்ஜெட் காலத்தில் உள்ளூர் அரசியல்வாதிகளின் வாசலில் நின்றார். அந்தக் கவுண்டியே கட்சிக்காரராக இருக்கும் வழக்குகளையும் அவரே விசாரித்தார். படியளப்பவர் மாறியதும் நிற்க வேண்டிய வாசலும் மாறியது.

அப்போது கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர் ரொனால்டு ஜார்ஜ். 1996இல் பொறுப்பேற்றவர். முதல் ஆண்டிலேயே 58 கவுண்டிகளின் நீதிமன்றங்களுக்கும் நேரில் போய் வந்தார். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஒருவர் மலைக் கவுண்டியின் ஒற்றை அறைக் கோர்ட்டில் போய் எழுத்தரிடம் கூரை ஒழுகுகிறதா என்று கேட்பது அங்கேயும் வழக்கமில்லை. பிற்பாடு சட்டமன்றத்தில் அவர் பேசியது எடுபட்டதற்கு அந்தப் பயணம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்து அமைப்பு. 1998 ஜூன் 2 அன்று முன்மொழிவு 220 வாக்கெடுப்புக்கு வந்தது, நல்ல வித்தியாசத்தில் வென்றது. இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. எல்லாக் கவுண்டிகளிலும் நீதிமன்றங்களை இணைத்துவிட்டோம் என்று அது சொல்லவில்லை. இணையலாம் என்று மட்டும் சொன்னது. ஒரு கவுண்டியில் சுப்பீரியர் நீதிபதிகளில் பெரும்பான்மையினரும், முனிசிபல் நீதிபதிகளில் பெரும்பான்மையினரும் தனித்தனியாக வாக்களித்து ஒப்புக்கொண்டால் அங்கே இரண்டும் ஒரே சுப்பீரியர் கோர்ட்டாகும். நீதிபதிகள் தங்கள் நீதிமன்றத்தைக் கலைக்கத் தாங்களே வாக்களிக்க வேண்டும்!

முனிசிபல் நீதிபதிகளுக்கு இதில் பதவியும் சம்பளமும் உயரும்; அவர்கள் தரப்பில் தயக்கம் குறைவு. சுப்பீரியர் நீதிபதிகள் சிலருக்கு உள்ளுக்குள் உறுத்தல்: இத்தனை ஆண்டு கொலை வழக்கும் கோடிக்கணக்கான டாலர் வழக்கும் பார்த்த நாம் நாளை போக்குவரத்து அபராத அறைக்குப் போக வேண்டி வருமோ? கட்டாயச் சட்டமாக இருந்திருந்தால் இந்த உறுத்தல் வழக்காக மாறியிருக்கும். விருப்பமாக விட்டதால், பக்கத்துக் கவுண்டி இணைந்து வேலை சுலபமானதைப் பார்த்து அடுத்த கவுண்டி இணைந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை இணைந்துவிட்டன. இருபதுக்கும் மேற்பட்ட முனிசிபல் கோர்ட்டுகளைக் கொண்ட லாஸ் ஏஞ்சலஸ் 2000 ஜனவரியில் வந்தது. கடைசியாக 2001 பிப்ரவரியில் கிங்ஸ் கவுண்டி.

கிங்ஸ் ஏன் கடைசி? சோம்பலால் அல்ல. கலிபோர்னியாவில் விசாரணை நீதிபதிகள் தேர்தலைச் சந்திக்கிறவர்கள். முனிசிபல் நீதிபதியைச் சிறிய வட்டாரம் தேர்ந்தெடுக்கும். சுப்பீரியர் நீதிபதியை முழுக் கவுண்டியும் தேர்ந்தெடுக்கும். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் செறிந்து வாழும் வட்டாரத்தில் அவர்கள் வாக்கு ஒரு நீதிபதியைத் தீர்மானிக்கும். முழுக் கவுண்டியில் அது கரைந்துபோகும். கிங்ஸ், மெர்சட், மான்டரே, யூபா ஆகிய நான்கு கவுண்டிகள் மத்திய வாக்குரிமைச் சட்டத்தின் முன் அனுமதிப் பிரிவுக்குக் கீழே இருந்தவை. தேர்தல் முறையைத் தொடும் எந்த மாற்றத்துக்கும் அவை வாஷிங்டனின் அனுமதியைப் பெற வேண்டியிருந்தது. மான்டரேயில் நீதிமன்ற வட்டாரங்களை முன்பே ஒன்றாக்கியது தொடர்பான வழக்கு 1996இலும் 1999இலும் இரண்டு முறை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. நிர்வாகம் எளிதாகிறது என்று நாம் கைதட்டும் மாற்றம் ஒன்று, வேறொருவரின் வாக்கைச் செல்லாக்காசாக்கக் கூடும். இணைப்பை ஆதரிப்பவர்கள் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

ஊழியர்கள் விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எழுத்தர்களும் மற்றவர்களும் கவுண்டி ஊழியர்களாக இருந்தார்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் கவுண்டிக்கும் மாநிலத்துக்கும் சொந்தமில்லாமல், அந்தந்த விசாரணை நீதிமன்றத்தின் ஊழியர்கள் ஆக்கியது. ஓய்வூதியமும் பணிமூப்பும் கைவிட்டுப் போகாது என்று எழுதிக் கொடுத்ததால் தொழிற்சங்கங்கள் எதிர்க்கவில்லை.

கட்டடங்கள்தான் கழுத்தைப் பிடித்தன. 2002இல் வந்த நீதிமன்றக் கட்டட வசதிச் சட்டம், கவுண்டிகளிடம் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட நீதிமன்றக் கட்டடங்களின் பொறுப்பை மாநிலத்துக்கு மாற்றச் சொன்னது. 2007 நடுவில் முடிய வேண்டிய வேலை. முதல் சில ஆண்டுகள் கிட்டத்தட்ட எதுவுமே நகரவில்லை. காரணம் நிலநடுக்கம். பொறியாளர்கள் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆபத்து நிலை குறித்தார்கள். ஐந்தாம் நிலை என்று முத்திரை விழுந்தால், கவுண்டி தன் செலவில் பலப்படுத்தாமல் மாநிலம் அதை வாங்கிக்கொள்ளாது. பழைய கட்டடங்களில் ஏராளமானவை ஐந்தாம் நிலை. கவுண்டிகளிடம் பணம் இல்லை. இருந்தாலும், நாளை கைமாறப்போகும் கட்டடத்துக்கு யார் செலவு செய்வார்கள்? 2006இல் இன்னொரு சட்டம் போட்டு முடிச்சை அவிழ்த்தார்கள்: கட்டடம் மாநிலத்துக்குப் போகட்டும், நிலநடுக்கத்தால் வரும் பொறுப்பு மட்டும் கவுண்டியிடம் தொடரட்டும். அதன் பிறகுதான் வேகம் பிடித்து 2009 இறுதியில் வேலை முடிந்தது. முதல் சட்டத்தை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் ஒரு பத்தி பிசகியதற்குச் சில ஆண்டுகள் விலை.

கட்டடங்களை வாங்கியாகிவிட்டது, பழுது பார்ப்பதும் புதிதாகக் கட்டுவதும் எப்படி? 2008இல் 500 கோடி டாலர் வரை கடன் பத்திரம் வெளியிட ஒரு சட்டம் வந்தது. அந்தக் கடனை அடைக்க வரியை உயர்த்தவில்லை. நீதிமன்றக் கட்டணங்களையும் அபராதங்களையும் உயர்த்தினார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒரு ரசீதைப் பார்ப்போம்.

2010களின் நடுவில் கலிபோர்னியாவில் ஒருவர் சிவப்பு விளக்கைத் தாண்டிக் கார் ஓட்டிவிட்டார். அடிப்படை அபராதம் 100 டாலர். அதன் மேல் ஒவ்வொரு பத்து டாலருக்கும் மாநிலத் தண்டம் 10, ஆக 100 டாலர். கவுண்டித் தண்டம் 70. நீதிமன்றக் கட்டட நிதிக்கு 50. டி.என்.ஏ. ஆய்வுக்கூட நிதிக்கு 50. அவசர மருத்துவத்துக்கு 20. அபராதத்தில் இருபது விழுக்காடு கூடுதல் வரி 20. நீதிமன்ற நடைமுறைச் செலவுக்கு 40. 2008 சட்டம் சேர்த்த தண்டனைக் கட்டணம் 35. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸுக்கு 4. இரவு நேர நீதிமன்றத்துக்கு 1. மொத்தம் 490 டாலர். இதில் 125 டாலர் நேராக நீதிமன்றத்தின் கட்டடத்துக்கும் செலவுக்கும் போனது. கட்டத் தவறினால் 300 டாலர் வரை கூடுதல் கட்டணம். அது நீதிமன்றங்கள் கையில் வைத்துச் செலவழித்த பணம். அதற்கும் அசையாதவரின் ஓட்டுநர் உரிமம் முடக்கப்படும். உரிமம் போனால் வேலைக்குப் போக முடியாது, வேலை போனால் அபராதம் கட்ட முடியாது.

இந்த ஏற்பாடு எனக்கு ஒப்பவில்லை. அபராதம் விதிக்கும் நீதிபதியின் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கும் பணம் அந்த அபராதத்திலிருந்தே வருவது எந்த வகை நவீனம்? கவுண்டியின் பிடியிலிருந்து விடுபட்ட நீதிமன்றம், குற்றவாளியின் பையை நம்பி வாழத் தொடங்கியது. சட்டமன்றமே இதைப் பிறகு உணர்ந்தது. அபராதம் கட்டாததற்காக உரிமத்தை முடக்குவது 2017இல் நின்றது. 300 டாலர் கூடுதல் கட்டணம் 2022இல் 100 டாலருக்கு இறங்கியது, அதுவரையிலான பழைய பாக்கிகள் ரத்தாயின. சீர்திருத்தச் சட்டத்தைச் சீர்திருத்த இன்னும் இரண்டு சட்டங்கள்.

எல்லாப் பணமும் ஒரே இடத்திலிருந்து வருவதன் மறுபக்கம் 2008 பொருளாதார நெருக்கடியில் தெரிந்தது. முன்பானால் சில கவுண்டிகள் தள்ளாடும், சில தாக்குப்பிடிக்கும். இப்போது மாநில பட்ஜெட் இருமினால் 58 கவுண்டிகளுக்கும் காய்ச்சல். 2009 செப்டம்பர் முதல் மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை மாநிலம் முழுவதும் நீதிமன்றங்கள் மூடப்பட்டன. புதிய கட்டடங்களுக்கென்று சேர்ந்த நிதியிலிருந்து நூறு கோடி டாலருக்கு மேல் பொதுச் செலவுக்குத் திருப்பினார்கள். நீதிமன்றங்கள் கையிருப்பாகச் சேர்த்து வைத்திருந்த பணத்துக்கும் ஒரு விழுக்காடுதான் என்று உச்சவரம்பு வந்தது. சிக்கனமாக இருந்தவர்களுக்குத் தண்டனை என்று நீதிபதிகள் கொதித்தார்கள், நியாயமான கொதிப்பு. சான் பெர்னார்டினோ கவுண்டியின் கிழக்கு ஓரத்தில், அரிசோனா எல்லையில், கொலராடோ ஆற்றங்கரையில் நீடில்ஸ் என்று ஒரு பாலைவன ஊர். 2013இல் அந்த ஊர்க் கோர்ட்டை மூடினார்கள். அதன் பிறகு வழக்குள்ளவர்கள் விக்டர்வில் வரை ஏறத்தாழ 290 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது, ஒரு வழிக்கு மட்டும்.

இனி கணினி. "நவீனப்படுத்தும்" என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோர் மனதிலும் முதலில் வருவது இதுதான், இங்கேதான் கலிபோர்னியா குப்புற விழுந்தது. 58 நீதிமன்றங்களும் ஒரே வழக்கு மேலாண்மை மென்பொருளில் இயங்க வேண்டும் என்று ஜார்ஜ் காலத்து ஜுடீஷியல் கவுன்சில் (மாநில நீதிமன்றங்களுக்குக் கொள்கை வகுக்கும் குழு) முடிவு செய்தது. 2004இல் 26 கோடி டாலர் ஆகும் என்றார்கள். 2011 பிப்ரவரியில் மாநிலத் தணிக்கையாளர் அறிக்கை கொடுத்தபோது மதிப்பீடு 190 கோடியைத் தொட்டிருந்தது. ஆரஞ்சு, சாக்ரமென்டோ, சான் டியேகோ, வென்சுரா போன்ற சில கவுண்டிகளில் மட்டும் இடைக்கால வடிவங்கள் ஓடின. ஒரு பக்கம் எழுத்தர்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், மறுபக்கம் மென்பொருளுக்குக் கொட்டுகிறார்கள் என்று நீதிபதிகளே 2009இல் தனியாக ஒரு சங்கம் தொடங்கித் தலைமையை வெளிப்படையாக எதிர்த்தார்கள். 2012 மார்ச் 27 அன்று, ஜார்ஜுக்குப் பின் வந்த தலைமை நீதிபதி டானி கான்டில்-சாகாவுயே காலத்தில், திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் செலவு 50 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

மற்ற மாற்றங்கள் ஒவ்வொன்றும் சட்டமாக வந்தன. மசோதா வாசிக்கப்பட்டது, கவுண்டிகள் சண்டை போட்டன, தொழிற்சங்கம் திருத்தம் கொடுத்தது, தேவையானபோது மக்கள் வாக்களித்தார்கள். மென்பொருள் மட்டும் நிர்வாக அலுவலகத்தில் முடிவாகி மேலிருந்து இறங்கியது. அதனால்தான் தோற்றது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் முதலில் யாரோடும் சண்டை போடாமல் தொடங்கிய ஒரே திட்டம் அது என்பது கண்ணில் படுகிறது.

சரி, வழக்குகள் சீக்கிரம் முடிந்தனவா? இணைப்பால் ஓரளவு: நீதிபதிகளைத் தேவையான பக்கம் திருப்ப முடிந்தது, ஒரே குற்ற வழக்கை இரண்டு அலுவலகங்கள் பதிவு செய்வது நின்றது. ஆனால் உண்மையான வேகம் அதற்கு முன்பே வேறொரு சட்டத்தால் வந்திருந்தது. 1980களின் நடுவில் லாஸ் ஏஞ்சலஸில் ஓர் உரிமையியல் வழக்கு ஜூரி முன் வர நான்கைந்து ஆண்டுகள் ஆனது. 1986இல் விசாரணைத் தாமதக் குறைப்புச் சட்டம் வந்தது. முதலில் சில கவுண்டிகளில் சோதனை, பிறகு மாநிலம் முழுவதும். அதன் சாரம்: வழக்கின் வேகத்தை இனி வழக்கறிஞர்கள் தீர்மானிக்க முடியாது, நீதிபதி தீர்மானிப்பார். பிராது தாக்கலான 60 நாளுக்குள் அதன் நகல் எதிர்த்தரப்பின் கையில் சேர்ந்திருக்க வேண்டும். 180 நாளுக்குள் இரு தரப்பும் நீதிபதி முன் உட்கார்ந்து வழக்கின் அட்டவணையைப் பேசி முடிக்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு வழக்குகள் பன்னிரண்டு மாதத்தில், தொண்ணூற்றெட்டு பதினெட்டு மாதத்தில் முடிவது தொடக்கக் கால இலக்கு. இரண்டு வழக்கறிஞர்களும் ஒத்துக்கொண்டாலும் வாய்தா கிடைக்காது; காரணத்தை மனுவாக எழுதிக் கேட்க வேண்டும். வழக்கறிஞர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

நியூயார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1962 முதல் அங்கே நீதிமன்ற அமைப்பின் பெயரே "ஒருங்கிணைந்த நீதிமன்ற அமைப்பு". அதற்குள் பதினொரு வகை விசாரணை நீதிமன்றங்கள்! சிற்றூர்களில் சட்டம் படிக்காத நீதிபதிகள் இன்றும் உண்டு. குழு மேல் குழு போட்டும், தலைமை நீதிபதிகள் ஒருவர் பின் ஒருவராகக் கேட்டும், இணைப்பு நடக்கவில்லை. அரசியலமைப்புத் திருத்தம் என்றால் அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றங்கள் நிறைவேற்றி, பிறகு மக்களும் வாக்களிக்க வேண்டும். நீதிபதி பதவிகளுக்கு வேட்பாளர்களைப் பொறுக்குவது அங்கே உள்ளூர்க் கட்சித் தலைவர்களின் கைச்சரக்கு; அதை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? பணத்தை மட்டும் 1970களிலேயே மாநிலம் ஏற்றுக்கொண்டது.

கடைசிக் கேள்வி, நம் சட்டமன்றம். முடியும், பாதி. கீழமை நீதிமன்றங்களை அமைப்பது முதலில் முழுக்க மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976இன் 42வது திருத்தம் அதை, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்கு நகர்த்தியது. எவ்வளவு ரூபாய் வரையிலான வழக்கை எந்த நீதிமன்றம் விசாரிக்கலாம் என்ற பண வரம்பை இன்றும் மாநிலச் சட்டம் மாற்றலாம். சென்னை நகர உரிமையியல் நீதிமன்றத்தின் வரம்பை ஒரு கோடி ரூபாயாக உயர்த்தி, உயர்நீதிமன்றத்தின் அசல் பிரிவில் (வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் பிரிவு) இருந்த ஆயிரக்கணக்கான வழக்குக் கட்டுகளை அங்கே மாற்றியது அப்படித்தான். முன்சீப், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் என்ற அடுக்கை மாற்றி எழுதவும் சட்டப்படி வழி உண்டு. ஆனால் நீதிபதிகளின் மீதான கட்டுப்பாடு அரசியலமைப்பின் 235வது பிரிவின்படி உயர்நீதிமன்றத்திடம் இருக்கிறது. அதைச் சட்டமன்றம் தொட முடியாது.

வேகத்துக்கான விதிகளோ மத்தியச் சட்டத்தில் இருக்கின்றன. 2002இல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, எதிருரையை (பிரதிவாதியின் எழுத்துப் பதில்) அதிகபட்சம் 90 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்றார்கள். சேலம் வழக்கறிஞர் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. 2005இல் வந்த தீர்ப்பு, அந்தக் கெடு வழிகாட்டுதல்தான், கட்டாயமில்லை, மிகக் கடினமான சூழ்நிலையில் மட்டும் நீட்டிக்கலாம் என்றது. கலிபோர்னியாவின் 60 நாளும் நம் 90 நாளும் காகிதத்தில் ஒரே குடும்பம். அங்கே நீதிபதி கெடுவைப் பிடித்துக்கொண்டார், இங்கே "கடினமான சூழ்நிலை" எல்லோருக்கும் இருந்தது. வணிக வழக்குகளுக்கு மட்டும் 2015 சட்டம் 120 நாள் என்று எல்லைக்கோடு போட்டது. அதைத் தாண்டினால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

கணினியில் நாம் அவர்களைவிடப் பரவாயில்லை. மின் நீதிமன்றத் திட்டத்துக்காகத் தேசியத் தகவலியல் மையம் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு உருவாக்கிய வழக்குத் தகவல் அமைப்பில்தான் நாட்டின் மாவட்ட நீதிமன்றங்கள் இயங்குகின்றன. வழக்கு எண்ணைத் தட்டினால் அடுத்த வாய்தா தேதி கைப்பேசியில் வருகிறது. ஆனால் பணம்? உயர்நீதிமன்றம் ஒரு புதிய நீதிமன்றம் வேண்டும் என்றால் முன்மொழிவை உள்துறைக்கு அனுப்ப வேண்டும், நிதித்துறை ஒப்ப வேண்டும், நீதிபதிக்கும் தட்டச்சருக்கும் அலுவலக உதவியாளருக்கும் பணியிடங்களை எண்ணி அரசாணை வர வேண்டும். நீதிமன்றத்தில் மிக அதிகமாக வழக்காடும் கட்சிக்காரரும் அதே அரசுதான். கலிபோர்னியா 1997இல் கை வைத்த இடம் அது. நம் ஊரில் "நீதிமன்றச் சீர்திருத்தம்" என்று வரும் மசோதாக்களில் அந்தப் பக்கம் பெரும்பாலும் வெற்றுத்தாளாகவே இருக்கிறது.